தீயில் உடையாத தகடு

அப்பாவை எரித்த மறுநாள் காலை பால் தெளிக்கப் போன அண்ணன், திரும்பி வந்தும் வீட்டுக்குள் நுழையவில்லை. கேட்டுக்கு வெளியே அப்பாவின் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். மொட்டையடித்த தலையில் சாம்பல் ஒட்டியிருந்தது. சீட்டைத் தூக்கி அடியிலிருந்த பெட்டியைத் திறந்து காட்டினான். கைக்குட்டையில் சுற்றிய இரண்டு உலோகத் துண்டுகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம்.

"அப்பா தொடையில வச்ச பிளேட்டு. எலும்பு பொறுக்கறப்ப ரெண்டாக் கெடந்துச்சு. சூட்டுலதானே ஒடைஞ்சிருக்கும்? இது ஒன் டிபார்ட்மென்ட்டு, பாத்துச் சொல்லு."

சுடுகாட்டிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பெண்கள் அங்கே போவதும் இல்லை. அண்ணன் இதற்கெல்லாம் கட்டுப்படுகிறவன். அதனால்தான் வாசலைத் தாண்டாமல் வண்டியோடு நின்றுகொண்டான். எலும்போடு சேர்த்து ஆற்றில் விட வேண்டியதை எனக்குக் காட்டாமல் விட அவனுக்கு மனசு வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து கிடைத்த விமானத்தைப் பிடித்து வந்து கொள்ளி வைத்தவன். அப்பாவின் கடைசி ஆறு மாதத்தில் பக்கத்தில் இல்லை என்ற குற்ற உணர்ச்சி அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. நானும் இல்லைதான். ஆனால் நான் தினமும் போனில் அதிகாரம் செய்தவள்.

துண்டுகளைக் கையில் வாங்கினேன். ஒன்று லேசாக வளைந்திருந்தது. மற்றது நேராக இருந்தது. இரண்டும் கருத்து, மேலே மெல்லிய செதில் படிந்திருந்தன. உடைந்த இடம் ஒரு திருகாணித் துளையின் நடுவே போயிருந்தது. வளையாமல், நீளாமல், பிஸ்கட்டை ஒடித்த மாதிரி உடைந்திருந்தது.

தீ உலோகத்தை இளக வைக்கும், தொங்க வைக்கும், வளைக்கும். இந்த மாதிரித் தகட்டை இந்த மாதிரி ஒடிக்காது. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

"ஆமாண்ணே, சூட்டுலதான்" என்றேன்.

அவன் பெருமூச்சு விட்டான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு துண்டை அப்பாவோடு ஆற்றில் விடுவது, ஒன்றை நான் எடுத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். "எதுக்கு ஒனக்கு?" என்று கேட்டான். "வச்சுக்கறேன்" என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. நேரான துண்டு பானையில் எலும்புகளோடு குத்தாலத்துத் துறையில் இறங்கியது. மேட்டூர் அணையை மூட இன்னும் நாள் இருந்ததால் காவேரியில் தண்ணீர் நன்றாகவே ஓடியது. வளைந்த துண்டு என் கைப்பையில் இருந்தது.

நான் ஒரு அனல் மின்நிலையத்தில் குழாய்களுக்கு வயசு பார்க்கிறவள். கூட வேலை பார்ப்பவர்கள் என்னைக் குழாய் ஜோசியக்காரி என்று கிண்டல் செய்வார்கள். கொதிகலனிலிருந்து நீராவி வரும் பெரிய குழாய்கள் இரவும் பகலும் ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூட்டில் கிடக்கின்றன. அவை உடனே உடைந்துவிடாது. தாங்கக்கூடிய பாரம்தான் அவற்றின் மேல் இருக்கிறது. ஆனால் அந்தச் சூட்டில், அதே பாரத்தை வருஷக்கணக்கில் தாங்கச் சொன்னால் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக நீள ஆரம்பிக்கும். ஒரு நாளில், ஒரு மாதத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வெளியே ஒரே துண்டாகத் தெரிகிற எந்த உலோகமும் உள்ளே மணிமணியாகத்தான் இருக்கிறது. அளந்து கொட்டிய நெல்லைப் போல ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். சூட்டில் அந்த மணிகள் சும்மா இருப்பதில்லை. பெரியவை சின்னவற்றைத் தின்று வளரும். மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள எல்லையில் ஊசி முனையை விடச் சிறிய குழிகள் விழும். குழிகள் வரிசை சேரும், வரிசை விரிசலாகும். நான் குழாயின் ஒரு இடத்தைக் கண்ணாடி போலத் தேய்த்து, அமிலம் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி உரித்து, அதில் பதிந்த உருவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். குழிகள் தனித்தனியாக இருந்தால் இன்னும் ஓடலாம். வரிசை கட்டிவிட்டால் மாற்றச் சொல்லி எழுதுவேன். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு.

இதை அப்பாவிடம் ஒரு முறை விளக்கிச் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அப்ப அது வலிக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே நீ கண்டுபிடிச்சுடுவ" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நானும் பெருமையாகத்தான் சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன ஆடியில் அவர் வாய்க்கால் மதகின் மேலிருந்து வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். எழுபத்து நான்கு வயது. தஞ்சாவூரில் ஆப்பரேஷன் நடந்தது. எலும்பின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு எஃகுத் தகட்டை வைத்துத் திருகாணி போட்டார்கள். நான் டாக்டரிடம் அது என்ன ரக எஃகு என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எலும்பு கூடும்வரை தகடு பாரத்தைத் தாங்கும், மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு கூடியிருந்தால்தான் முழுப் பாரம் வைத்து நடக்கலாம், அதுவரை வாக்கரோடு கொஞ்சம் கொஞ்சமாக என்றார்.

எனக்குப் பொறுமை கிடையாது. கம்பெனியிலும் எனக்கு அந்தப் பேர் உண்டு. படுத்தே கிடந்தால் கால் மடங்காமல் போய்விடும், ரத்தம் உறையும், சளி கட்டும் என்று இணையத்தில் படித்ததையெல்லாம் போனில் கொட்டினேன். அப்பாவின் போனில் அடிகளை எண்ணும் செயலி ஒன்றைப் போட்டு, அந்த எண்ணிக்கை என் போனுக்கும் வரும்படி செய்துவிட்டு வந்தேன். ஐந்நூறில் ஆரம்பித்து ஆயிரம், ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் என்று கூட்டிக்கொண்டே போனேன்.

"என்னப்பா, நேத்து எண்ணூறுதான் காட்டுது?"

"மழைம்மா. கொல்லையெல்லாம் சேறு."

"வீட்டுக்குள்ளயே நடங்க. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடங்க."

"சரிம்மா."

அவர் வயலில் நாற்பது ஆளை வைத்து வேலை வாங்கியவர். என்னிடம் மட்டும் எதிர்த்துப் பேசமாட்டார். நான் படித்தவள் என்று அவருக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

மூன்றாவது மாத எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டிய ஐப்பசியில் அடைமழை. வயலில் தண்ணீர் நின்று நடவுப் பயிர் மூழ்கிக் கிடந்தது. அப்பாவுக்கு வெளியே கிளம்ப மனமில்லை. எனக்கோ வருடாந்திரப் பராமரிப்புக்காகக் கொதிகலனை நிறுத்தியிருந்த நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. மழை விடட்டும் என்று விட்டுவிட்டோம். அப்போதுதான் ஒரு நாள் அவர் சொன்னார்.

"உள்ள என்னமோ நெருடுதும்மா. காலை ஊன்றப்ப ஒரு மாதிரி இருக்கு."

நான் குழாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் மனசுதாம்பா. அந்த ஸ்டீல் ஒங்க டிராக்டரையே தாங்கும். நடங்க, சரியாப் போயிடும்" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

கார்த்திகைக்குப் பிறகு அவர் வலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. எண்ணிக்கையும் ஏறிவிட்டது. தினமும் மூவாயிரத்துக்குக் குறையாது. சில நாள் மூவாயிரத்து ஐந்நூறுகூட வரும். நான் 'சபாஷ்பா' என்று தட்டி, கூடவே கைதட்டும் பொம்மையும் போட்டு அனுப்புவேன். கூட வேலை பார்ப்பவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். எழுபத்து நான்கு வயதில் தொடை முறிந்தவர் எப்படி நடக்கிறார் பாருங்கள் என்று.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், காலையில், குளியலறையிலிருந்து வெளியே வரும்போது விழுந்தார். மாரடைப்பு. அம்மா கத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கியபோதே உயிர் இல்லை.

எங்கள் பக்கம் சிதையை அப்படியே திறந்து எரிப்பதில்லை. வரட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, அதன் மேல் களிமண்ணைக் குழைத்துப் பூசி மூட்டம் போட்டுவிடுவார்கள். ஓரத்தில் புகை போகச் சின்னச் சின்ன துளைகள் மட்டும் இருக்கும். உள்ளே தீ அடங்கி நின்று எரிந்து, மறுநாள் காலை வரை மெல்ல ஆறும். ஒரு உலோகத்தைப் பதப்படுத்தி மிருதுவாக்க உலையில் என்ன செய்வோமோ அதே முறை. மெதுவாகச் சூடேற்றி, மெதுவாக ஆற விடுவது. அப்பாவின் காலோடு அந்தத் தகடும் அந்த மூட்டத்துக்குள் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தது.

வேலைக்குத் திரும்பி பத்து நாள் வரை அதைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஆய்வுக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. தகடு எப்போது உடைந்தது? உடைந்த பிறகும் அப்பா நான் சொன்னேன் என்பதற்காக அந்தக் காலோடு தினமும் மூவாயிரம் அடி நடந்தாரா?

ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி, தேய்த்து, அமிலத்தில் நனைத்துப் பார்த்தேன். மணிகள் நன்றாக வளர்ந்திருந்தன. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளைந்த இடம் இறுகும், உள்ளே மணிகள் நசுங்கி வரிவரியாக ஆகும். அந்த வரிகளைப் பார்த்து அது என்ன பாடுபட்டது என்று சொல்லலாம். போதுமான சூட்டில் போட்டால் அந்த நசுங்கிய மணிகளின் இடத்தில் புது மணிகள் பிறந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். அப்பாவின் தகட்டில் தீ அதைத்தான் செய்திருந்தது. அவர் நடந்த நடையின் தடம் ஒன்றுகூட உள்ளே இல்லை. வெள்ளையாக, சுத்தமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

உடைந்த முகம், அதாவது ஒடிந்த இடத்தின் பரப்பு, மட்டும் பாக்கி இருந்தது. அதன் செதிலை மெல்லக் கரைத்து எடுத்துவிட்டு விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். துளையின் விளிம்பிலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள், தண்ணீர் வற்ற வற்றக் குளக்கரையில் விழும் தடம்போல, ஒன்றன் பின் ஒன்றாக விரிந்திருந்தன. இதற்கு வேறு அர்த்தம் கிடையாது. எலும்பு ஒட்டவே இல்லை. ஒவ்வொரு அடியின் பாரத்தையும் தகடுதான் வாங்கியிருக்கிறது. விரிசல் விட்டு, நாளுக்கு நாள் வளர்ந்து, கடைசியில் ஒடிந்திருக்கிறது. அவர் நெருடுகிறது என்று சொன்னாரே, அது இதுதான். மனசு இல்லை.

ஆனால் இன்னொன்றும் பார்த்தேன். தகடு ஒடிந்த பிறகும் ஒருவர் தினமும் மூவாயிரம் அடி வைத்தால் உடைந்த இரண்டு முகமும் ஒன்றோடொன்று மோதி மோதி, சம்மட்டியால் தட்டின மாதிரி மழுங்கிப் போயிருக்க வேண்டும். இங்கே கோடுகளின் மேடு பள்ளமெல்லாம் கூர்மையாக இருந்தன. ஒரு விளிம்பு மட்டும் லேசாக நசுங்கியிருந்தது. விழுந்த வேகத்தில் நசுங்கியிருக்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். போனை எடுத்துப் பழைய எண்ணிக்கையைப் பார்த்தேன். அவர் விழுந்ததற்கு முந்தின நாள்கூட மூவாயிரத்து நூறு. ஆக, கடைசி நாள் வரை தகடு தாங்கியிருக்கிறது. குளியலறை வாசலில் விழுந்தபோதுதான் ஒடிந்திருக்கிறது. உடைந்த காலோடு அவர் ஒரு நாளும் நடக்கவில்லை.

மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். நான் செய்தது சரியாகிவிடவில்லை. ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை என்று ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காக வெட்கமாகவும் இருந்தது.

முப்பதாம் நாள் படையலுக்கு ஊருக்குப் போனேன். அறுவடை மிஷின் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, வீடு முழுக்க வைக்கோல் தூசி. படையல் முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, அம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணனிடம் சொன்ன பொய்யை அம்மாவிடமாவது சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"அம்மா, அப்பா காலு பிளேட்டு தீயில ஒடையல. நான் அண்ணங்கிட்ட சும்மா சொன்னேன். அது நடந்து நடந்துதான் விரிசல் விட்ருக்கு. நாந்தான் நடக்கச் சொன்னேன்."

அம்மா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா ஒடைஞ்ச காலோட அவரு நடக்கலம்மா. கடைசி நாள் விழுந்தப்பதான் ஒடைஞ்சிருக்கு. நல்லாப் பாத்துட்டேன்."

"எதுல பாத்த?"

"மைக்ராஸ்கோப்புல."

"அது அப்படியா சொல்லுது?"

"ஆமா. நடந்திருந்தா முகம் தேஞ்சிருக்கும். தேயல."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதை அப்படியே விட்டுவிடலாமா என்று அவள் யோசித்தது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு வைக்கோல் தூசியைத்தான் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

"அது கார்த்திகையிலயே ஒடைஞ்சு போச்சுடி" என்றாள்.

பெரிய கார்த்திகைக்கு மறுநாள் கொல்லையில் நடந்துகொண்டிருந்தாராம். டொக்கென்று சத்தம், கிணற்றடியில் இருந்த அம்மாவுக்கே கேட்டதாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அம்மா ஆட்டோவுக்குச் சொல்ல ஓடியபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டாராம்.

"இன்னொரு ஆப்பரேஷன்னா அவ வேலையப் போட்டுட்டு ஓடி வருவா. தான் நடக்கச் சொன்னதாலதான்னு நெனைச்சு நெனைச்சு அழுவா. பொங்கலுக்கு வருவால்ல, அறுப்பும் ஆரம்பிச்சுடும், அப்ப பதமாச் சொல்லிக்கலாம்னாரு. கட்டிலு, வாக்கர், பாத்ரூமு, அவ்வளவுதான் அப்பறம். நடக்கலன்னா அவ போன் பண்ணுவாளேன்னு கேட்டேன். போன எடுத்து எங்கையில குடுத்தாரு."

எனக்கு முதலில் புரியவில்லை.

"நாந்தாண்டி நடந்தேன். இடுப்புல சொருகிக்கிட்டு, காலையில தெருக்கோடி வரைக்கும், சாயந்தரம் மதகு வரைக்கும். வந்ததும் வாங்கிப் பாப்பாரு. இன்னும் நானூறு இருக்குன்னு சொல்லுவாரு. கூடத்துல சுத்தி முடிப்பேன். நீ சபாஷ்பான்னு போடுவல்ல, அத எங்கிட்ட நீட்டி, 'இந்தா, ஒனக்குத்தான் வந்துருக்கு'ன்னு சிரிப்பாரு."

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முட்டி தேய்ந்துவிட்டது என்று நாலு வருஷம் முன்பே டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் அதை மறந்தே போயிருந்தேன். நீட்டியிருந்த அவள் கால்களைப் பார்த்தேன். இரண்டு முட்டியும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. அவற்றின் மேல் கையை வைத்தேன்.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"உங்கப்பா தெனம் கேப்பாரு" என்றாள்.